தேங்காயெண்ணெய் உறைந்த விடியல்

குழலின் வாய்க்குள் அரிசிப் பையைத் திணித்துக்கொண்டு இடம்பெயர்ந்தவள் முல்லைத்தீவுக் கரையிலே புனிதமலர் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

தொண்ணூறாம் ஆண்டு கரையை விட்டு ஓடிய அன்று, சைக்கிளும் பிள்ளைகள் இரண்டும் பாயும் தலையணையும் சட்டி பானையுமாக அவள் வாசலில் நிற்க, புருஷன் ஸ்ரனிஸ்லஸ் உள்ளேயிருந்து தூக்கி வந்தது கோயில் பாண்ட் வாத்தியக் குழுவின் பெரிய பித்தளைக் குழலை. ஊரில் அதை 'பாஸ்' என்பார்கள். மடியில் பிள்ளையை வைத்திருப்பது போல அணைத்துப் பிடித்து ஊத வேண்டிய சாமான். அதன் வாய் மட்டும் ஒரு சருவச்சட்டி அகலம் இருக்கும்.

"உதை வைச்சிட்டு அந்த அம்மியைத் தூக்குங்கோ."

"அம்மி எங்கயும் வாங்கலாம். பாஸ் வாங்கேலுமோ?"

கதைத்து வெல்ல நேரமில்லை. ஆவென்று திறந்து கிடந்த அந்த வாய்க்குள் அரிசிப் பையைத் தள்ளினாள். அதன்மேல் பிள்ளைகளின் உடுப்பை அடைத்தாள். எல்லாவற்றுக்கும் மேலே மாதா படத்தை வைத்துத் துணியால் கட்டினாள். வழியில் சைக்கிள் சரிந்து விழுந்தபோது குழலின் வயிறு ஓரிடத்தில் நெளிந்துபோனது. அரிசி சிந்தவில்லை. அன்றிரவு கஞ்சி வைக்கும்போது ஸ்ரனிஸ்லஸ் அதைச் சொல்லிக் காட்டத்தான் செய்தான். அவள் கேட்காத மாதிரி அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு இன்னும் இரண்டு இடம் மாறி, நந்திக்கடல் நீரேரியின் மேற்குப் பக்கத்தில், முள்ளியவளைக்கு வெளியே ஒரு மேட்டுக்காணியில் கிடுகுக் கொட்டில் போட்டுக்கொண்டார்கள். கரையிலிருந்து வந்த வேறு குடும்பங்களும் அங்கே இருந்தன. புனித செபஸ்தியாருக்கும் கோயிலாக ஒரு கொட்டில் போட்டார்கள். பாண்டில் பாதிப்பேர் மன்னாருக்கும் இந்தியாவுக்கும் போய்விட, மிஞ்சியது ஸ்ரனிஸ்லஸின் பாஸ், புனிதமலரின் தம்பி வின்சனுடைய ட்ரம்பெட், ஒரு மேளம் மட்டுந்தான். கடலுக்குப் போக வழியில்லாததால் ஆண்கள் நந்திக்கடலில் இறாலுக்குப் போனார்கள். ஆழ்கடலில் சுறா பிடித்த ஸ்ரனிஸ்லஸ், இடுப்பளவு சேற்றுத் தண்ணீரில் தடி ஊன்றி வள்ளம் தள்ளுவதை முதலில் பெரிய அவமானமாக நினைத்தான். பிறகு வயிறு அதையெல்லாம் நினைக்க விடவில்லை.

காணி வீரகத்தியுடையது. முள்ளியவளையில் வயலும் பட்டி நிறைய மாடும் உள்ள மனுசன். "இருங்கோ, ஊருக்குப் போற நாளில போங்கோ" என்று ஒரே சொல்லில் காணியைக் கொடுத்தவர். ஆனால் பாண்ட் பழகுகிற பின்னேரங்களில் பட்டிப் பக்கமிருந்து அவருடைய குரல் வரும்.

"தங்கச்சி, உன்ர மனுசனைக் கொஞ்சம் நிப்பாட்டச் சொல்லு! ஆரோ எருமைக்கடா வந்து நிக்குதெண்டு என்ர மாடுகள் கயித்தை அறுக்குது."

"அது சாமிப் பாட்டு, அண்ணை."

"சாமி கேக்கட்டும். மாடு என்ன பாவம் செய்தது?"

அவர் அதற்குப் பித்தளைக்கடா என்று பெயர் வைத்தார். புனிதமலருக்கு அந்தப் பெயர் பிடித்திருந்தது. புருஷனுக்குக் கேட்காத இடத்தில் அவளும் அப்படித்தான் சொன்னாள்.

அவளுக்கும் அந்தக் குழலுக்கும் இருந்த உறவு குசினிச் சாமானுக்கும் அவளுக்கும் இருந்த உறவுதான். திருநாளுக்கு முன் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்ப்பாள். கரப்பான் குடியேறினாலோ குளவி மண் வைத்தாலோ, ஊதுகிற கிண்ணத்தில் வாயை வைத்து முழு மூச்சையும் விட்டுத் துரத்துவாள். சில நேரம் கரப்பானோடு சேர்ந்து ஒரு சத்தமும் வெளியே வரும். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அவளுக்கு அதில் ஒரு ரகசியப் பெருமை. ஆனால் குழலின் உண்மையான சத்தத்தை அவள் நின்று கேட்டதில்லை. கொட்டிலுக்குள் பழகும்போது அலுமினியப் பானைகள் கிடுகிடுப்பதுதான் அவளுக்குக் கேட்கும். திருநாளில் அவன் சுற்றுப்பிரகாரத்தில் நடக்கும்போது அவள் சமையலில் நிற்பாள்.

தொண்ணூற்றி நாலாம் ஆண்டு தை மாதம் செபஸ்தியார் திருநாள் நெருங்கியபோது, குழலில் விரலால் அமத்துகிற மூன்று பிஸ்ரன்களுக்கும் விடுகிற தையல் மெசின் எண்ணெய் முடிந்துபோயிற்று. அந்தக் காலத்தில் வன்னிக்குள் மண்ணெண்ணெயே சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. மெசின் எண்ணெய்க்கு எங்கே போவது? ஸ்ரனிஸ்லஸ் பிஸ்ரன்களை அமத்திப் பார்த்து, "கரகரக்குது, கரகரக்குது" என்று ஒரு கிழமையாகப் புலம்பினான்.

"தேங்காயெண்ணெயை விட்டால் என்ன?" என்றாள் புனிதமலர்.

"உனக்கு எல்லாத்துக்கும் தேங்காயெண்ணெய்."

"தலைக்கு வைக்கலாம், விளக்குக்கு விடலாம், பிள்ளையின்ர புண்ணுக்குப் பூசலாம். உங்கட குழல் மட்டும் என்ன மகாராசாவோ?"

மத்தியான வெயிலில் வாசலில் பாயை விரித்து, அவளே பிஸ்ரன்களைக் கழற்றித் துடைத்து எண்ணெய் தடவிப் பூட்டினாள். வெண்ணெயில் கத்தி போவது மாதிரி அவை ஏறி இறங்கின. ஸ்ரனிஸ்லஸ் மூன்று விரலாலும் தட்டித் தட்டிப் பார்த்தான். "நீ கெட்டிக்காரியடி" என்றான். கலியாணம் முடித்த காலத்திலிருந்து அவன் அப்படிச் சொன்னது குறைவு.

அந்தத் தையில் குளிர் வழக்கத்துக்கு மாறாக இருந்தது. விடியப்புறத்தில் போத்தலில் இருந்த தேங்காயெண்ணெய் மெழுகு மாதிரி வெள்ளையாக உறைந்து கிடக்கும். மகளுக்குத் தலைவாரி இழுக்கிறதுக்கு முன் புனிதமலர் போத்தலை அடுப்படியில் வைத்து உருக்கிக்கொள்வாள். தினமும் செய்கிற வேலை. ஆனால் தலைக்குத் தெரிந்த சங்கதி குழலோடு சேர்த்து அவளுக்கு ஒருநாளும் நினைவுக்கு வரவில்லை.

திருநாளுக்கு முந்தின நாள், பூசை வைக்கிற சுவாமியார் வருவதாக இருந்தது. சாப்பாடு ஸ்ரனிஸ்லஸ் வீட்டில். "சுவாமியாருக்குப் பருப்போ குடுக்கிறது?" என்று சொல்லிக்கொண்டு அவனும் வின்சனும் அதற்கு முதல்நாள் பொழுதுபட வள்ளத்தை இறக்கினார்கள். அந்தக் குளிருக்கு வேறு ஒருவரும் போகவில்லை.

"முகத்துவாரம் வெட்டிக் கிடக்கு, அங்கால போகாதையுங்கோ" என்றாள் புனிதமலர்.

மார்கழி மழைக்குத் தண்ணீர் ஏறி, வட்டுவாகல் பக்கத்தில் மணல்திட்டு உடைந்து, நந்திக்கடல் கடலுக்குள் பாய்ந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கம் போனால் தடி நிலத்தில் முட்டாது. தண்ணீரின் இழுவை வள்ளத்தைக் கடலுக்குக் கொண்டுபோகும். அதோடு அந்தப் பக்கத்தில் இராணுவ முகாமும் இருந்தது. வெளிச்சத்தில் அதற்கு நேரே போய் நிற்கிற வள்ளத்தை ஒருவரும் விசாரித்துவிட்டுச் சுடப் போவதில்லை.

"எனக்குத் தெரியாதோ?" என்றான் ஸ்ரனிஸ்லஸ்.

விடியப்புறம் எழும்பி வெளியே வந்த புனிதமலர் வாசலிலேயே நின்றுவிட்டாள். முற்றம் இல்லை. பனி விழும் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் இது விழுந்த பனி இல்லை. வந்து குடியிருக்கிற பனி. கையை நீட்டினாள். முழங்கைக்கு அங்கால கை இல்லை. பக்கத்துக் கொட்டிலில் யாரோ இருமினார்கள். அந்த இருமல் காதுக்குள்ளேயே இருமின மாதிரிக் கேட்டது.

அவள் அடுப்பை மூட்டி வெறுந்தேத்தண்ணி ஊற்றிக் கேத்திலை நிரப்பினாள். பனங்கட்டித் துண்டை முந்தானையில் முடிந்தாள். குளிரில் வருகிறவர்களுக்குக் கரையிலேயே கொடுக்கிறது அவளுடைய வழக்கம். கேத்திலில் சூடு நிற்கப் பழஞ்சீலையைச் சுற்றிக்கொண்டு, வின்சனின் பெண்சாதி டக்சாயினியையும் கூப்பிட்டுக்கொண்டு இறங்கினாள். டக்சாயினிக்கு வயிற்றில் ஆறு மாதம். வேலியைத் தடவித் தடவித்தான் இரண்டு பேரும் கரைக்கு வந்தார்கள்.

கரையில் வீரகத்தி நின்றார். ஒரு பசுக்கன்றைத் தேடி வந்தவர், கரை எது தண்ணீர் எது என்று தெரியாமல் முழங்கால் வரை நனைந்திருந்தார்.

"ஆர், தங்கச்சியோ? உன்ர மனுசன் வெளியிலயோ?"

"ஓம் அண்ணை. வாற நேரம்தான்."

"வாற நேரம்," என்றார் அவர். அவர் அதைச் சொன்ன விதம் அவளுக்குப் பிடிக்கவில்லை.

அப்போதுதான் கேட்டது. தூரத்தில் வின்சனின் குரல். "கூ…" என்று நீளமாகக் கூப்பிட்டான். டக்சாயினி உடனே மறுகுரல் கொடுத்தாள். மூன்று பேரும் சேர்ந்து கத்தினார்கள். கொஞ்ச நேரம் கழித்து அந்தக் குரல் மறுபடி கேட்டது. ஆனால் இப்போது வேறு பக்கத்திலிருந்து. பிறகு இன்னொரு பக்கத்திலிருந்து, இன்னும் மெல்லியதாக.

"சுத்துறாங்கள்," என்றார் வீரகத்தி. "பக்கம் தெரியாமல் சுத்துறாங்கள்."

சத்தம் கேட்டு மற்றக் கொட்டில்களிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். கோயில் மணிக்குப் பதிலாகக் கட்டியிருந்த தண்டவாளத் துண்டை ஒருவர் அவிழ்த்துக்கொண்டு வந்து அடித்தார். ஒருத்தர் ஜாம் போத்தல் விளக்கை உயர்த்திப் பிடித்தார். அதன் வெளிச்சம் அவருடைய மூக்கைத் தாண்டிப் போகவில்லை. தண்டவாளத்தின் 'டாண் டாண்' பனிக்குள் போய்ச் சிதறி, வலமும் இடமும் பின்னாலுமாகத் திரும்பி வந்தது. கரையில் நின்ற புனிதமலருக்கே எங்கே அடிக்கிறார்கள் என்று பிடிபடவில்லை. அப்படியென்றால் தண்ணீரில் நிற்கிறவர்களுக்கு?

மறுபடி வின்சனின் குரல் கேட்டபோது அது கிழக்கே, நன்றாகக் கிழக்கே கேட்டது. முகத்துவாரப் பக்கம். அதற்குப் பிறகு கேட்கவில்லை.

இழுவையில் அகப்பட்டால் பனி இருக்கும்வரை ஆபத்து. பனி விலகினால் அதைவிட ஆபத்து. முகாமுக்கு நேரே, பட்டப்பகலில், இரண்டு ஆம்பிளைகள் ஒரு வள்ளத்தில். சூரியன் மேலே வருவதற்குள் அவர்கள் இந்தப் பக்கம் திரும்ப வேண்டும். திரும்புவதற்கு இந்தப் பக்கம் எது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

வீரகத்திதான் சொன்னார். "தங்கச்சி, ஓடிப்போய் உந்தப் பித்தளைக்கடாவைக் கொண்டு வா."

"அதை ஊதுறவர் அங்கயெல்லோ நிக்கிறார்!"

"அந்தச் சாமான் கத்தினால் என்ர மாடு மூண்டு வயலுக்கு அங்கால நிண்டும் திரும்பிப் பாக்குது. எந்தப் பக்கம் எண்டு அதுகளுக்குத் தெரியுது. மாட்டுக்குத் தெரியிறது மனுசனுக்குத் தெரியாதோ? ஓடு!"

"முகாமுக்கும் கேக்குமே," என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள்.

"கேக்கட்டும். உந்தப் பனிக்குள்ள அவங்கள் மட்டும் என்னத்தைக் காணப்போறாங்கள்?"

அவள் ஓடினாள். வேலியில் கை கிழிபட ஓடினாள். குழலைத் தூக்கியபோது அது ஐஸ்கட்டி மாதிரிக் குளிர்ந்தது. இந்த நாலு வருசத்தில் எத்தனையோ தரம் அவள் அதைத் தூக்கியிருக்கிறாள். ஒருநாளும் இவ்வளவு பாரமாக இருந்ததில்லை.

கரைக்கு வந்து, ஸ்ரனிஸ்லஸ் வைப்பது போலவே இடது கையால் அணைத்து, விரல்களைப் பிஸ்ரன்களில் வைத்து, வாயைக் கிண்ணத்தில் பதித்தாள். பித்தளை உதட்டைக் கடித்தது. ஊதினாள். காற்று உள்ளே போய் எங்கேயோ முட்டித் திரும்பியது. இன்னும் ஊதினாள். கன்னம் வலித்தது. ஒரு சத்தமும் இல்லை.

"கரப்பானுக்கு ஊதுற மாதிரி ஊதுங்கோ மச்சாள்!" என்றாள் டக்சாயினி அழுகிற குரலில்.

புனிதமலர் குனிந்து பார்த்தாள். ஓடி வந்தபோது அவள் பிடித்த பிடியில் நடுப் பிஸ்ரன் பாதி இறங்கியிருந்தது. இறங்கினது ஏறவில்லை. விரலால் கிளப்பினாள், அசையவில்லை. தொட்ட விரலில் வெள்ளையாக ஏதோ ஒட்டியது. மூக்குக்குக் கொண்டுபோகாமலேயே அது என்னவென்று தெரிந்துவிட்டது. தன் கையால் தடவினது. 'நீ கெட்டிக்காரியடி' என்று பேர் வாங்கித் தந்தது. குழலின் தொண்டையில் மெழுகாக உறைந்து, காற்றை மறித்துக்கொண்டு நின்றது.

அவளுக்கு அழ நேரமில்லை. குழலை நெஞ்சோடு சேர்த்து அணைத்தாள். சீலைத் தலைப்பால் மூடித் தேய்த்தாள். தன் உடம்புச் சூடு இந்தப் பித்தளைக்கு எந்த மூலைக்குக் காணும்? சுற்றும் முற்றும் பார்த்தவளின் காலில் கேத்தில் தட்டுப்பட்டது. பழஞ்சீலைக்குள் அது இன்னும் சூடாக இருந்தது.

"அது அவங்களுக்கு வைச்ச தேத்தண்ணி," என்றாள் டக்சாயினி.

"அவங்களுக்குத்தான்," என்றாள் புனிதமலர். பிஸ்ரன்களின் மேல் சரித்து ஊற்றினாள். ஆவி அவளுடைய முகத்தில் அடித்தது. பித்தளையில் தேயிலை வாசமும் தேங்காயெண்ணெய் வாசமும் ஒன்றாகக் கிளம்பின. பாதி கேத்தில் போனது. முழுக் கேத்திலும் போனது. பிறகு, யாரும் தொடாமலே, நடுப் பிஸ்ரன் 'டொக்' என்று மேலே ஏறியது.

அவள் வாயை வைத்தாள்.

முதலில் வந்தது வெறும் காற்று. பிறகு ஒரு உறுமல். பிறகு அந்தச் சத்தம் வந்தது.

அது தன்னிடமிருந்து போவதாக அவளுக்குத் தோன்றவில்லை. காலுக்குக் கீழே ஈரமணலிலிருந்து ஏறி, முழங்காலையும் வயிற்றையும் நெஞ்செலும்பையும் பல்லையும் அதிரவைத்து, அவள் வழியாக எங்கேயோ போகிறதாகத்தான் இருந்தது. கொட்டிலுக்குள் பானைகளைக் கிடுகிடுக்கப் பண்ணின சத்தம் இல்லை இது. சுவரும் கூரையும் இல்லாத இடத்தில் அது நிமிர்ந்து எழும்பியது. பனி அதைச் சிதறடிக்கவில்லை. பனி அதற்கு வழி விட்டது. மூச்சு முடிந்து அவள் வாயை எடுத்த பிறகும் அது போய்க்கொண்டே இருந்தது. போய், எங்கேயோ ஒரு கரையில் முட்டி, வேறு யாரோ மறுமொழி சொல்கிற மாதிரித் திரும்பி வந்தது. அதோடு, கண்ணுக்குத் தெரியாத தண்ணீரின் நடுவிலிருந்து, நூற்றுக்கணக்கான செட்டைகள் ஒரே நேரத்தில் அடித்தெழும்பின. நாரைகளாக இருக்கும். ஒன்றையும் காணவில்லை. தலைக்கு மேலே ஒரு பெரிய துணியை யாரோ உதறிக்கொண்டு போவது போல அந்தச் சத்தம் கடந்து போனது. புனிதமலருக்கு மயிர்க்கூச்செறிந்தது. 'ஆண்டவரே' என்றாள். அது செபமா பயமா என்று அவளுக்கே தெரியாது.

"ஊதிப்போட்டுக் கேள்," என்றார் வீரகத்தி. அவருடைய குரலே கோயிலுக்குள் கதைக்கிற குரலாக இறங்கியிருந்தது. "விடாமல் ஊதினால் அவங்கள் கூப்பிடுறது எங்களுக்குக் கேளாது."

எவ்வளவு நேரம் விடுவது? டக்சாயினி செபமாலையை எடுத்தாள். ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லி முடிகிறவரை காது கொடுத்துக் கேட்பது, 'ஆமென்' என்றதும் ஊதுவது. அப்படியே நடந்தது. ஆமென், ஊது. ஆமென், ஊது. உதடு முதலில் எரிந்தது, பிறகு வீங்கியது, பிறகு அது தன்னுடைய உதடு என்ற உணர்வே போய்விட்டது. பாட்டு ஒன்றும் தெரியாது. பிஸ்ரன்களைத் தொடவும் பயம். தெரிந்தது ஒரே ஒரு சத்தம். அந்த ஒன்றைத்தான் திரும்பத் திரும்பப் பனிக்குள் அனுப்பினாள்.

ஒரு கட்டத்தில் குழல் களகளக்கத் தொடங்கியது. தொண்டையில் சளி கட்டினவன் மாதிரி. பயந்துபோய்க் கவிழ்த்தாள். தண்ணீர் ஓடியது. தேத்தண்ணி உள்ளே போய்விட்டதோ என்று பார்த்தாள். சாயமில்லாத தெளிந்த தண்ணீர். குளிர்ந்த பித்தளையில் பட்டு அவளுடைய மூச்சுத்தான் தண்ணீராகியிருந்தது. ஒரு சிரட்டை நிறைய இருக்கும். மணலில் ஊறிப் போவதை ஒரு கணம் பார்த்துக்கொண்டு நின்றாள். இவ்வளவும் எனக்குள்ளே இருந்ததா?

"ஆமென்," என்றாள் டக்சாயினி.

ஊதினாள்.

கிழக்கே பனி வெளுக்கத் தொடங்கியது. வெள்ளைக்குள் ஒரு மஞ்சள். எல்லோரும் அதைப் பார்த்தார்கள். வீரகத்தி தண்ணீருக்குள் இன்னும் கொஞ்சம் இறங்கி, காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு நின்றார். டக்சாயினி செபத்தை இன்னும் கெதியாகச் சொன்னாள். சொற்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன.

"பொறு," என்றார் வீரகத்தி.

டக். டக். தடியால் வள்ளத்தின் விளிம்பில் தட்டுகிற சத்தம். மிகவும் மெல்லியதாக.

"ஊது பிள்ளை, ஊது!"

அவள் ஊதினாள். டக், டக். ஊதினாள். டக், டக். கொஞ்சம் கிட்டத்தில். மஞ்சள் பரந்துகொண்டு வந்தது. பனியின் மேல்விளிம்பு கிழியத் தொடங்கி, முதல் தடவையாக ஒரு பனைமரத்தின் தலை மட்டும் ஆகாயத்தில் தொங்கியது. அந்த நேரத்தில், யாரும் எதிர்பார்க்காத வடக்குப் பக்கத்தால், வள்ளத்தின் மூக்கு பனியைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்தது. வின்சன் முன்னால் தடியோடு நின்றான். ஸ்ரனிஸ்லஸ் பின்னால், குந்தினபடி, தண்ணீர் சொட்டச் சொட்ட. இறாலும் இல்லை, வலையும் இல்லை. பாரத்தைக் குறைக்க எல்லாவற்றையும் விட்டுவிட்டார்கள்.

டக்சாயினி தண்ணீருக்குள் இறங்கிப் போய் வின்சனின் நெஞ்சில் ஒரு குத்துக் குத்தினாள். பிறகு அழுதாள். புனிதமலர் நின்ற இடத்திலேயே குழலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள். வாயைத் திறந்தால் உதடு அசையவில்லை.

ஸ்ரனிஸ்லஸ் தள்ளாடித் தள்ளாடிக் கிட்ட வந்தான். அவளைப் பார்த்தான், குழலைப் பார்த்தான்.

"சுருதி இறங்கிக் கிடக்கு," என்றான். பற்கள் தந்தியடித்தன. "குளிருக்குப் பித்தளை சுருதி இறங்கும். முதல்ல சூடாக்கவேணும்."

"சூடாக்கித்தான் ஊதினது," என்றார் வீரகத்தி. "கேத்தில் தேத்தண்ணியும் அதுக்குத்தான் வாத்தது. உனக்கு ஒரு சொட்டும் இல்லை."

வின்சன் சிரித்தான். சிரிப்பு நிற்காமல் போய் விக்கலாகியது. "அக்கா, தண்டவாளம் எல்லாப் பக்கத்தாலயும் கேட்டது. தடி நிலத்தில முட்டேல்லை. சரி, முடிஞ்சுது எண்டு நான் அத்தானைப் பாக்க, அத்தான் கையைத் தூக்கி 'சத்தம் போடாத' எண்டார். பேந்து சொன்னார், 'உது என்ர பாஸ். உந்த நெளிஞ்ச வயித்தின்ர இரைச்சல் எனக்குத் தெரியும்' எண்டு."

"ஊதுறது பொம்பிளையள் எண்டும் தெரிஞ்சுது," என்றான் ஸ்ரனிஸ்லஸ். "ஒரு அருள் நிறைந்த மரியே நேரம் விட்டு விட்டு வருது. வரவர நேரம் குறையுது. டக்சாயினியைத் தவிர ஆர் உந்த வேகத்தில செபம் சொல்லுறது?"

எல்லோரும் சிரித்தார்கள். புனிதமலரும் சிரிக்கப் போய், உதடு வெடித்து இரத்தம் வந்தது.

சுவாமியார் பருப்புத்தான் சாப்பிட்டார். இறால் இல்லாத கதையைக் கேட்டுவிட்டு இன்னும் கொஞ்சம் போடச் சொல்லிச் சாப்பிட்டார்.

பிறகு வந்த பனிக்காலங்களில் இறாலுக்குப் போகிற ஆண்கள், "அக்கா, நாளைக்கு விடியப்புறம் எழும்புவியள்தானே?" என்று கேட்டுவிட்டுப் போகிற வழக்கம் வந்தது. இரண்டு கேத்தில் அவளோடு போனது, ஒன்று குழலுக்கு, ஒன்று ஆட்களுக்கு. அவள் வேறு எதுவும் பழகவில்லை. ஸ்ரனிஸ்லஸ் ஒரு பாட்டாவது பழகச் சொன்னான். "பாட்டுக்கு நீங்கள் இருக்கிறியள்" என்றுவிட்டாள். முள்ளியவளைச் சந்தையில்கூட அவளைப் 'பாஸ்காரி' என்றார்கள்.

அதெல்லாம் பிறகு. அந்தத் திருநாள் விடியலை மட்டும் சொல்லி விடுகிறேன்.

வள்ளத்தில் வந்த நேரத்திலிருந்து ஸ்ரனிஸ்லஸ் குழலோடுதான் இருந்தான். பிஸ்ரன்களைக் கழற்றித் தேங்காயெண்ணெயைச் சுடுதண்ணியால் கழுவி, எச்சில் தொட்டுப் பூட்டினான். அவளைக் குறை சொல்லுவான் என்று அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லவில்லை. திருநாளன்று பூசைக்கு முன், இன்னும் பனி மூடிக் கிடக்கையில், ஊதுகிற கிண்ணத்தை மடியில் செருகிச் சூடாக்கிக்கொண்டு, குழலைத் தூக்கி, "வா" என்றான்.

"எங்க? எனக்கு அடுப்பில வேலை கிடக்கு."

"வா எண்டுறன்."

கரைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் குழலை அவளுடைய கையில் கொடுத்தான். கிண்ணத்தைப் பூட்டினான்.

"ஊது."

"உங்களுக்கென்ன விசரோ? சனம் எழும்பப் போகுது."

"மலர்," என்றான் அவன். அப்படிக் கூப்பிடுகிற ஆள் இல்லை. "சின்ன வயசில இருந்து நான் இதை ஊதுறன். ஊதுறவன் குழலுக்குப் பின்னாலயெல்லோ நிக்கிறான். நேத்து அந்தத் தண்ணிக்குள்ள நிண்டுதான் நான் முதல் முதலா இதைக் கேட்டனான். இப்பிடியொரு சத்தம் இதுக்குள்ள இருக்கெண்டு எனக்குத் தெரியாது. இன்னொருக்கா கேக்கவேணும்."

சொல்லிவிட்டு அவன் நடந்தான். முதுகு கொஞ்ச நேரம் தெரிந்தது, பிறகு பனி மூடிக்கொண்டது. காலடிச் சத்தமும் போனது. புனிதமலர் காய்ந்துபோன உதட்டை நனைத்துக்கொண்டாள். கிண்ணம் அவனுடைய உடம்புச் சூட்டோடு இருந்தது. ஊதினாள். மனதுக்குள் ஒரு அருள் நிறைந்த மரியே சொன்னாள், அவசரமில்லாமல். ஊதினாள். நாரைகள் எழும்பின. தண்ணீர் இருந்த இடமெல்லாம் அந்தச் சத்தமாக இருந்தது. அவன் எவ்வளவு தூரம் போயிருப்பான் என்று தெரியவில்லை. போன திசையிலிருந்து ஒரு அசுமாத்தமும் இல்லை. கேட்டுக்கொண்டு நிற்கிறான் என்பது மட்டும் தெரிந்தது.

பட்டிப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. "தங்கச்சி! கறுத்த பசு கயித்தை அறுத்திட்டுது!"

அவள் வாயை எடுத்துவிட்டாள். பனி அசையாமல் நின்றது. பிறகு அதே குரல்.

"ஏன் நிப்பாட்டினனீ? அது போனது போயிட்டுது. ஊது."